இடமிருந்து மூன்றாவது சிப்பாய்

"செஸ் ஆடத் தெரியுமா?" என்று டாக்டர் கேட்டதும், "ஓ, பிரமாதமா ஆடுவேன் சார்!" என்று சொல்லித் தொலைத்துவிட்டார் சலூன்காரர். காய்கள் எப்படி நகரும் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது.

பாவம், வேறு என்ன செய்வார்? செத்துப் பிழைத்த மனைவியை முழுசாக வீட்டுக்கு அனுப்பிவைத்த மகராசன் அந்த டாக்டர். பதிலுக்கு எதையாவது செய்யாவிட்டால் சலூன்காரருக்குச் சோறு இறங்காது போலிருந்தது. ஆயுசுக்கும் இலவசமாக முடிவெட்டலாமென்றால், டாக்டர் தலையில் வெட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. கடைசியில் டாக்டராக வாய்விட்டுக் கேட்டது ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆட்டம், அவ்வளவுதான்.

"அவர் ரூம்ல அலமாரி பூரா செஸ் புத்தகம்தான். உங்களை ஊதித் தள்ளிடுவாரு. பேசாம உண்மையைச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி.

"உன்னையே திருப்பிக் கொடுத்தவருக்கு ஒரு நல்ல ஆட்டம்கூடக் கொடுக்க மாட்டேனா?"

சலூன் பெஞ்சில் லாரி டிரைவரும் தையல்காரரும் தங்கள் முறை வரும்வரை செஸ் ஆடுவது வழக்கம். சலூன்காரர் சவரம் செய்தபடியே தூண்டில் போட்டார்.

"வெள்ளைக்காரன் ராஜாவுக்கு முன்னால இருக்கிற சிப்பாயை ரெண்டு கட்டம் விட்டா, கறுப்பு என்ன செய்யணும்?"

"சிசிலியன் டிஃபென்ஸ்தான்ணே!" என்றார் தையல்காரர். "நேருக்கு நேர் முட்டக் கூடாது. ஓரத்துலேர்ந்து மூணாவது சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளிவிடணும். இதோ, பாருங்க."

கையில் கத்தி இருக்கும்போது திரும்பிப் பார்க்க முடியுமா? எதிரே இருந்த பெரிய கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். இடது பக்கத்திலிருந்து மூன்றாவது. பளிச்சென்று மனதில் பதிந்தது. அந்தச் சந்தோஷத்தில் வாடிக்கையாளரின் பாதி மீசை போய்விட்டது. பொருத்தமாக இருக்கட்டுமென்று மீதியையும் எடுக்க வேண்டியதாயிற்று.

வீட்டில் மனைவியை வெள்ளையாக உட்கார்த்திவைத்து ஒத்திகை பார்த்தார்.

"ஓரம்னா ரெண்டு பக்கமும் ஓரம்தானே?" என்றாள் அவள்.

"இடது ஓரம். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

ஞாயிற்றுக்கிழமை டாக்டரின் கிளினிக்கில் நர்ஸ் இருவருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். டாக்டர் ராஜாவின் சிப்பாயை நகர்த்தினார். சலூன்காரர் கம்பீரமாக இடமிருந்து மூன்றாவது சிப்பாயைத் தள்ளினார்.

டாக்டரின் புருவம் உயர்ந்தது. "இது என்ன?"

"சிசிலியன் சார்."

"சிசிலியன்ல உங்களுக்கு வலது பக்கத்துச் சிப்பாய்தானே போகும்?"

அப்போதுதான் சலூன்காரருக்கு உறைத்தது. சலூனில் பெஞ்சு இருந்தது முதுகுக்குப் பின்னால். அவர் பார்த்ததோ கண்ணாடியில்! காலமெல்லாம் கண்ணாடியைப் பார்த்தே கிருதாவை இடம் வலம் பிசகாமல் வெட்டியவருக்கா இந்தக் கதி?

டாக்டர் அந்தச் சிப்பாயை வெட்டினார். சமாளிக்கிறேன் பேர்வழி என்று சலூன்காரர் அடுத்த சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளினார். ராஜாவின் வீட்டு வாசல் திறந்துகொண்டது. டாக்டரின் ராணி குறுக்கே வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்து பார்த்தார்.

"இது... செக்மேட்தானே?" என்றார் ஈனசுரத்தில்.

"ஆமா சார்."

டீ இன்னும் ஆறவில்லை. டாக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சலூன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் குடும்பத்தையே காப்பாத்தின மனுஷன் சிஸ்டர். அவருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஈடுகொடுத்து ஆட முடியலையே. ரொம்ப நொந்துபோயிட்டாரு. இனிமே எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இங்க வருவேன்?"

நர்ஸ் சாத்திய கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உள்ள அவங்கம்மாவுக்கு போன் போட்டு அழுதுட்டிருக்காருண்ணே. வாட்ச்மேன், மருந்துக்கடைக்காரர், நான்னு ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் தோத்தவரு... வாழ்க்கையில இன்னைக்குத்தான் முதல் தடவையா ஜெயிச்சிருக்காரு!"