வரப்பு மட்டும் எனக்கு

இந்தப் போகத்தோடு மாட்டுக்கு விடைகொடுத்து மோட்டார் சைக்கிளை வரவேற்பது என்று தாமல் கிராமத்துக் கண்ணாயிரம் தீர்மானம் நிறைவேற்றிவிட்டார். முன்மொழிந்தவர் அவர். வழிமொழிந்தவரும் அவரே. எதிர்த்துப் பேச வேண்டிய மனைவி கிருஷ்ணவேணி அந்த நேரம் அடுப்பங்கரையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது வாஸ்தவம். அதற்கும் தீர்மானத்துக்கும் சம்பந்தமில்லை.

கண்ணாயிரத்துக்கு ஏரிப் பாசனத்தில் மூன்று ஏக்கர் நிலம். ஆனால் அவரை நிலம் பார்ப்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். காலையில் நாஷ்டாவை முடித்து, வேட்டி மடிப்பு கலையாமல் பஸ் ஏறினால் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பரமசிவம் டீக்கடை பெஞ்சில்தான் போய் உட்காருவார். அங்கே அவர் விவசாய நிபுணர். வாலாஜாபாத் மில்லுக்கு நெல் ஏற்றிப் போகிறவன், செவிலிமேட்டில் கத்திரி போட்டவன், சொந்தமாகத் தொட்டிச் செடிகூட இல்லாத தறிக்காரன், எல்லோரும் அவரிடம் யோசனை கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார். அவர் அங்கே யோசனை சொல்லிக்கொண்டிருக்கும்போது இங்கே மடை திறப்பது, நாற்று விடுவது, ஆளுக்குக் கூழ் ஊற்றுவது எல்லாம் கிருஷ்ணவேணி.

"வேணி, இந்த வாட்டி விவசாயம் பண்ணப் போறது நானு."

"எங்க, டீக்கடையிலயா?"

"நம்ம நிலத்துலதாம்மா! சயின்டிபிக்கா பண்ணப் போறேன். மாடுங்க எல்லாத்தையும் வித்துடலாம். வைக்கோல் திங்குது, புண்ணாக்கு திங்குது, என்னைப் பார்த்தா முறைக்குது."

"தெரியாத ஆளைப் பார்த்தா முறைக்கத்தான் செய்யும். உழவுக்கு இன்னா பண்ணுவீங்க?"

"வாடகை டிராக்டரு."

"எருவுக்கு?"

"மூட்டை உரம். மாடு வித்த காசுல ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிடலாம்."

"அது இன்னாத்துக்கு?"

"நாலு ஊருக்குப் போயி நாலு பேருக்கு யோசனை சொல்ல வேணாமா?"

செவலையும் மயிலையும் கிருஷ்ணவேணி கன்றிலிருந்து கையில் ஊட்டி வளர்த்த காளைகள். அவள் குரல் கேட்டால் கழுத்துமணி ஆடும். அதுகளை வெட்டுக்குப் போகிற லாரியில் ஏற்றினாலும் ஏற்றுவார் இந்த மனுஷன். சண்டை போட்டால் பிடிவாதம் ஏறும் என்பது பன்னிரண்டு வருஷ சம்சாரத்தில் அவளுக்குத் தெரியாதா? வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த முகமாக வந்து நின்றாள்.

"சரிங்க. ஒரு போகம் பார்க்கலாம். பயிர் பண்ற நிலம் மொத்தமும் நீங்க எடுத்துக்குங்க. எனக்கு வரப்பு மட்டும் போதும். தை மாசம் உங்க கையில காசு அதிகம் நின்னா மாட்டை வித்துக்குங்க, நான் குறுக்கே நிக்க மாட்டேன். என் கையில நின்னா மாடு இருக்கும். நிலத்துல நான் சொல்றதை நீங்க கேக்கணும்."

"வரப்பா?" கண்ணாயிரம் சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்த காக்கை பறந்தது. "நடக்கற வழியில இன்னா விளையும்? எடுத்துக்கோ!"

"வரப்புன்னா வாய்க்கா ஓரம், கிணத்துமேடு எல்லாம் சேர்த்துத்தான்."

"எடுத்துக்கோ."

"மேட்டுல இருக்கற வேம்பு, மந்தாரை?"

"நிழல் விழுதுன்னு நானே வெட்டறதா இருந்தேன். எடுத்துக்கோ."

"சாணி, சாம்பல் கூட உங்களுக்கு வேணாமில்ல?"

"அந்த நாத்தத்தையும் எடுத்துக்கோ!"

பட்டு நெய்கிற ஊருக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த மனுஷன் ஒரு நிமிஷம் நிதானித்திருக்க வேண்டும். காஞ்சிபுரம் புடவையில் ஜரிகை நடு உடலிலா கிடக்கிறது? கரையிலும் முந்தானையிலும் அல்லவா! எந்தத் தறிக்காரனைக் கேட்டாலும் சொல்வான், ஓரத்தை எவனாவது சும்மா விட்டுக்கொடுப்பானா என்று. கண்ணாயிரம் தறிக்காரர்களிடம் எதுவும் கேட்பதில்லை. சொல்வது மட்டும்தான் வழக்கம். மறுநாள் டீக்கடையில் இதையும் சொன்னார்.

"வரப்பைக் கேட்டாப்பா! என் சம்சாரம் வரப்பைக் கேட்டா!"

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. பரமசிவம் மட்டும் டீ ஆற்றுகிறதை நிறுத்திவிட்டு, "அண்ணே, அண்ணியை எனக்குத் தெரியும். எதுக்கும் ஜாக்கிரதையா இரு" என்றார்.

கண்ணாயிரம் குட்டை நெல் ஐ.ஆர். எட்டு நட்டார். உரம் ஏக்கருக்கு இவ்வளவு போதும் என்று மூட்டை விற்றவன் சொன்னான். ஒரு பங்கு போட்டால் நல்லது என்றால் இரண்டு பங்கு போட்டால் இரட்டிப்பு நல்லதுதானே? போட்டார். பயிர் கிளிப்பச்சை தாண்டிக் கரும்பச்சை ஆனது. டீக்கடை பெஞ்சில் பாதியைப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்து காட்டினார்.

"பார்த்துக்குங்கப்பா! இது பயிரா, பட்டா?"

அவர்கள் பயிரைப் பார்த்தார்கள். நிற்க இடம் தேடி வரப்பைப் பார்த்தால் வரப்பில் கால் வைக்க இடமில்லை. உளுந்து அடர்ந்து கிடந்தது. மூலைக்கு மூலை துவரையும் ஆமணக்கும் நின்றன. வாய்க்கால் ஓரம் நெடுகத் துளசி. எருக்குழிக் கரையில் பூசணிக்கொடி படர்ந்து, காய் ஒவ்வொன்றும் குடம் மாதிரி உட்கார்ந்திருந்தது. "அது ஒண்ணுமில்ல, பொம்பளைங்க விளையாட்டு" என்றார் கண்ணாயிரம்.

கார்த்திகையில் கொழுத்த பயிரைத் தேடிப் பூச்சி வந்தது. ஊரில் யார் வயலிலும் இறங்காமல் நேராக இவர் வயலுக்கே, பத்திரிகை வைத்து அழைத்த மாதிரி வந்தது. மருந்து அடித்தார். பூச்சி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது. மறுபடி அடித்தார். மறுபடி தள்ளி உட்கார்ந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் கிருஷ்ணவேணியின் பின்னால் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

"வேணி, வேப்பங்கொட்டை இருக்குதா?"

"இருக்குதே. மூட்டை கட்டி வெச்சிருக்கேன்."

"கொஞ்சம் குடேன். இடிச்சுக் கரைச்சுத் தெளிச்சா கேக்கும்னு சொல்றாங்க."

"அது என் மேட்டு மரத்துதாச்சே?"

"புருஷன்கிட்ட போயி கணக்குப் பார்க்கறியே!"

"சேச்சே, காசெல்லாம் வேணாங்க. தினம் வெறுங்கையோடதானே டவுனுக்குப் போறீங்க? இந்த மந்தாரை இலைக் கட்டை சின்ன காஞ்சிபுரத்துல காமாட்சியம்மாள் இட்லிக் கடையில இறக்கிடுங்க. போதும்."

காஞ்சிபுரம் இட்லிக்கு மாவு எப்படி முக்கியமோ, மூங்கில் குடலைக்குள் சுற்றி வைக்கிற மந்தாரை இலையும் அப்படி முக்கியம். இலை வாசனை இல்லாவிட்டால் அது வெறும் மிளகு போட்ட மாவுக் கட்டி. வெட்டிப் போடுவதாக இருந்த மரத்தின் இலைக்குத் தினம் ஆள் காத்திருக்கிறது என்பது நிபுணருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தலையில் இலைக்கட்டு, அதன்மேல் கோயிலுக்குக் கொடுக்கக் கூடவே ஏற்றிவிட்ட துளசி மூட்டை. மடிப்பு வேட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்றது.

"இன்னாண்ணே இது?"

"ஆராய்ச்சிப்பா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தார்.

அப்புறம் மண் இறுகிப்போய்ப் பயிர் சோர்ந்தது. எரு வேண்டியிருந்தது. எரு யாருடையது? அதற்கு விலை, காலையில் துளசிக்கு இவர் தண்ணீர் இறைத்து ஊற்றுவது. இப்படியாகக் கரும்பச்சைப் பயிரை ஒருவழியாகக் காப்பாற்றித் தை மாதம் அறுத்தார். டிராக்டர், உரம், மருந்து எல்லாவற்றுக்கும் கொடுத்தது போக மிஞ்சியதில் மோட்டார் சைக்கிளுக்கு ஹாரன் வாங்கலாம். மிச்ச சைக்கிளுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். கிருஷ்ணவேணி வரப்புக் காசில் ஒரு சினைப்பசுவை ஓட்டிக்கொண்டு வந்து செவலை பக்கத்தில் கட்டினாள். அதுவும் வந்த அன்றைக்கே கண்ணாயிரத்தைப் பார்த்து முறைத்தது.

தோற்றால் கண்ணாயிரம் சோர்ந்துவிடுவாரா? காளைகளை விற்கிற பேச்சை விட்டார், அவ்வளவுதான். "நிலத்துல நீ சொன்னா கேப்பேன். ஆனா நான் நிலத்துல இருந்தாத்தானே சொல்லுவே?" என்று மறுநாளே பஸ் ஏறிவிட்டார். கிருஷ்ணவேணி தனியாகப் போய் மடையைத் திறந்தாள்.

வாலாஜாபாத்தில் விவசாயிகள் கூட்டம் வந்தது. லாபகரமான விவசாயம் பற்றிப் பேசச் சொல்லிக் கண்ணாயிரத்தை எப்போதோ கேட்டிருந்தார்கள். மைக்கைப் பிடித்ததும் அவருக்குத் தன் நெல் ஞாபகம் வந்தது. அதைச் சொல்ல முடியுமா? பளிச்சென்று வரப்பு ஞாபகம் வந்தது.

"வரப்பைச் சும்மா விடாதீங்கப்பா! உளுந்து ஊனுங்க. நெல்லு போகத்துக்கு ஒரு வாட்டி காசு குடுக்கும், வரப்பு தினம் குடுக்கும். ஒரே பயிரை நம்பி உக்காராதீங்க. பக்கத்து ஊர்ல எது தினம் செலவாவுதுன்னு பார்த்து அதை வெய்யுங்க. கோயில் இருக்குதா, துளசி வெய்யுங்க. உரத்தை அளவாப் போடுங்க, பேராசைப்பட்டா பூச்சிதான் வரும். சாணியை வெயில்ல காயவிட்டா பாதி சத்து போயிடும். குழியில கொட்டி, மண்ணு போட்டு மூடி, மாசம் ஒரு வாட்டி புரட்டுங்க. மாட்டை விக்கறவன் மண்ணோட உசிரை விக்கறான்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. விவசாய அதிகாரி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அருமை! இதெல்லாம் நீங்களே கைப்படச் செய்யறதா?"

"நானேதான் சார். என் சம்சாரத்துக்கு வரப்பு கிழக்கா மேற்கான்னுகூடத் தெரியாது."

"அப்போ வர்ற வெள்ளிக்கிழமை ஒரு முப்பது பேரைக் கூட்டிக்கினு வரேன். செஞ்சு காட்டுங்க."

வீட்டுக்கு வந்த கண்ணாயிரத்துக்குச் சோறு இறங்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஏதோ வாய் தவறிப் போச்சு வேணி. அத்தனை பேர் எதிர்ல காட்டிக் குடுத்துடாதே."

"நானா? உங்க மானம் என் மானம் இல்லியா? நீங்கதான் எல்லாம் பண்றீங்கன்னே சொல்றேன். பேஜார் படாம சாப்பிடுங்க."

கண்ணாயிரம் நெகிழ்ந்துபோனார். இவளல்லவோ சம்சாரம்! மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை அதிகாரியும் முப்பது பேரும் வந்து இறங்கினார்கள். கிருஷ்ணவேணி தலைக்குப் பூ வைத்து, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரிப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வரப்பில் நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். எல்லாம் அவருதான். என்னைக் கிட்டவே விட மாட்டாரு. இந்தாங்க, எருக்குழி எப்படிப் புரட்டறதுன்னு காட்டுங்க."

கண்ணாயிரம் வேட்டியை மடித்துக் கட்டிக் குழியில் இறங்கினார். முழங்கால் வரை எரு. முப்பது பேர் எட்டிப் பார்த்தார்கள். புரட்டினார், வாரினார், கூடையில் சுமந்து போய் வயலில் இறைத்தார். துளசிக்குத் தண்ணீர் ஊற்றினார். மந்தாரை மரத்தில் ஏறி இலை பறித்தார். நடுவில் இரண்டு முறை இடுப்பைப் பிடித்துக்கொண்டபோது, "அவருக்கு வேலைன்னா சோறு தண்ணி வேணாம் சார்" என்று கிருஷ்ணவேணி பெருமையோடு சொன்னாள். செவலையும் மயிலையும் தலையைத் தூக்கி வேடிக்கை பார்த்தன.

அதிகாரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"இந்த மாதிரி உழைப்பாளியை நான் பார்த்ததே இல்லை! இந்த வருஷம் பூரா வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு ஊர்க்காரங்களை இங்கேயே அனுப்பி வைக்கறேன். உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே?"

எரு ஒட்டிய முகத்தோடு கண்ணாயிரம் மனைவியைப் பார்த்தார். ஏதாவது சொல்லேன், உடம்பு முடியவில்லை என்று சொல்லேன், கோயிலுக்கு வேண்டுதல் என்று சொல்லேன் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

கிருஷ்ணவேணி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"சிரமம் இன்னா சார்? தாராளமா வரட்டும். இன்னும் ரெண்டு எருக்குழி வெட்டணும்னு நேத்து ராத்திரிகூடச் சொல்லிக்கினே இருந்தாரு."