பனியாற்றின் மேல் சொன்னது செல்லாது

அவுக்ஸ்பூர்க்,
ஓகஸ்ட் 4.

மதிப்புக்குரிய திரு. தம்பித்துரை அவர்களுக்கு,

தங்கள் வீட்டில் யாவரும் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு, தங்கள் இளைய சகோதரன் இராசலிங்கம் எழுதுவது. பதினொரு வருடங்களாக நாம் பேசுவதில்லை என்பது தாங்கள் அறிந்ததே. ஆகவே சென்ற சனிக்கிழமை சுக்ஸ்பிட்சே மலையில் என் வாயிலிருந்து வந்தவற்றை இத்தால் திரும்பப் பெறுகிறேன். தாங்கள் ரொறன்ரோ அக்காவுக்குப் போனில் வேறு மாதிரிச் சொல்லுவீர்கள் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன்.

தமிழ் மன்றத்தின் சுற்றுலா பஸ்ஸில் தாங்களும் வருவது தெரிந்திருந்தால் நான் ஏறியே இருக்கமாட்டேன். என் மனைவி ஜெயமலருக்கும் தங்கள் மனைவி சந்திரகாந்தி அண்ணிக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. இரண்டு வீட்டுக் கட்டுச்சாதமும் ஒரே சட்டியில் வந்ததைக் கண்டபிறகுதான் எனக்கு விளங்கியது. கேபிள் காரில் என்னைத் தங்கள் முதுகோடு நெருக்கி நிறுத்திவிட்டார்கள். தங்கள் பிடரியைப் பார்க்கப் பிடிக்காமல் வெளியே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மரங்கள் புல்லாகி, ஏரி பச்சைக் கண்ணாடித் துண்டாகி, முகில் எங்களுக்குக் கீழே போய்விட்டது. முப்பத்தெட்டு வருடமாக எனக்குத் தெரிந்த ஜெர்மனி நான் வேலைசெய்த பேக்கரியின் பின்வாசல். இரண்டு மணித்தியாலத் தூரத்தில் இப்படி ஒன்று இருக்கிறதென்று யாரும் சொல்லவில்லை. பனியாற்றின் விளிம்பில் நின்றபோது மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் மலை, ஒரு சத்தமும் இல்லை. நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினேன். "என்னப்பா செய்யிறியள்? இது கோயில் இல்லை" என்று ஜெயமலர் தடுத்தாள். எனக்கு அது அவ்வளவு நிச்சயமாகப் படவில்லை.

எங்களைக் கூட்டிப்போன மன்றத்துப் பிள்ளை தேனுஜா, "வடிவாப் பாருங்கோ மாமா, இன்னும் கொஞ்ச வருசத்தில இது உருகி இல்லாமப் போயிடும்" என்றாள். அப்போதுதான் தாங்கள், என்னைப் பாராமல், பனியைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்:

"ராசு, ஆதிரையின்ர கலியாணக் கார்ட்டில உன்ர பேர் விடுபட்டது அச்சகத்தான்ர பிழையில்லை. நான்தான் கோவத்தில எடுத்தனான்."

தங்கள் மகளின் கலியாணத்திலிருந்து பதினொரு வருடம் நான் காத்திருந்த வசனம். ஏசியிருக்கவேண்டும். ஆனால் என் வாய், "காய்ச்சலெண்டு சொல்லி வராம விட்டனே, எனக்கு அண்டைக்குக் காய்ச்சல் இல்லை அண்ணை. மண்டபத்துக்கு வெளியில காருக்குள்ள இருந்தனான். தாலி கட்டேக்க மேளம் கேட்டது" என்றது. நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். நானும் விடவில்லை. பக்கத்தில் நின்ற ஜெர்மன் அம்மா ஒருவர் கண் துடைக்கக் கடதாசி நீட்டினார், இரண்டு பேருக்கும்.

இது முழுக்க உயரத்தின் குற்றம். அங்கே காற்றில் பிராணவாயு குறைவு. அத்தாட்சி வேண்டுமென்றால், கீழே ஏரிக்கரை ஊருக்கு வந்ததும் நடந்ததை நினைத்துப் பாருங்கோ. பெண்கள் எங்களை ஒரு மிதிபடகில் ஏற்றிவிட்டு ஐஸ்கிறீம் வாங்கப் போய்விட்டார்கள். மூத்தவன் என்று சுக்கானைப் பிடித்தீர்கள். "இடப்பக்கம் திருப்புங்கோ அண்ணை" என்றேன். "எனக்குத் தெரியும்" என்றீர்கள். நானும் பிடித்தேன். முக்கால் மணித்தியாலம் ஒரே வட்டத்தில் சுற்றினோம். ஒரு வாத்து முதலில் எங்களுக்குப் பயந்து விலகியது, பிறகு பழகிவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த மலை எங்களுக்கு முன்னால் வரும்போது மட்டும் இருவரும் ஏசுவதை நிறுத்தினோம்.

ஆகவே கையைப் பிடித்தது, காருக்குள் இருந்தது யாவும் இரத்து. பழையபடி பேசாமலே இருப்போம். அண்ணிக்கு என் வணக்கம். ஆதிரைக்கும் அவள் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள் குறைவின்றிச் சேரட்டும்.

இப்படிக்கு,
வே. இராசலிங்கம்

பி.கு.: தபாலில் போட்டால் தொலைந்துவிடக்கூடும். ஞாயிறு மத்தியானம் நானே கொண்டுவந்து வாசித்துக் காட்டுகிறேன். அண்ணியைப் பெரிதாக ஒன்றும் சமைக்கவேண்டாமென்று சொல்லுங்கோ. நண்டு கிடைத்தால் போதும்.