பட்டப்பகலில் சிவப்புப் புள்ளி தெரியாது

பெருமதிப்பிற்குரிய வார இதழ் ஆசிரியர் அவர்களுக்கு, மூங்கில்துறைப்பட்டு கரும்பு விவசாயி மு. ஏகாம்பரம் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். தாங்களும் அலுவலகத்தில் உள்ள அனைவரும் நலமாயிருக்க வேண்டும். அந்த நலத்துக்குக் குறைவு வராமல் இதைக் கடைசி வரை படிக்கவும்.

தாங்கள் எனக்குச் செய்த அநியாயம் இதுதான்: துப்பாக்கியில் பொருத்தும் லேசர் லைட்டுக்குச் சிவப்பு நிறமே போதும் என்று மார்கழியில் வந்த இதழில் அச்சிட்டு, என் பேரனுக்கு எங்கள் குலதெய்வம் கோயிலில் நடக்க வேண்டிய காதுகுத்தைக் களமருதூருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள்.

விவரம் சொல்கிறேன். அப்பா வழிக் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதுதான் எங்கள் குடும்பத்து முறை. ஆனால் மருமகள் ஜெயசுதாவுக்குப் பிரசவம் சிக்கலானபோது அவளுடைய அப்பா தெய்வசிகாமணி, களமருதூரில் தன் ஊர் அம்மனிடம், "தாயும் புள்ளையும் நல்லபடியா வந்தா உன் வாசல்லயே காது குத்துறேன்" என்று வேண்டிக்கொண்டுவிட்டார். என்னைக் கேட்டாரா? கேட்கவில்லை. நான் முறையை விடமாட்டேன் என்றேன், அவர் வேண்டுதலை விடமாட்டேன் என்றார், பிள்ளை ஒரு வயது முடிந்தும் மூளிக் காதோடு தவழ்ந்துகொண்டிருந்தான். தை ஐந்தாம் நாள் மணலூர்பேட்டை பெண்ணையாற்றுத் திருவிழாவுக்கு இரண்டு குடும்பமும் போனோம். சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கியிருக்கும் அந்த மணலிலேயே நாங்கள் இருவரும் மறுபடி ஆரம்பிக்க, என் மனைவி பெரியநாயகி பொறுக்கமாட்டாமல் பக்கத்திலிருந்த பலூன் சுடும் கடையைக் காட்டி, "ரெண்டு பேரும் அங்க போயி சுட்டுத் தீத்துக்குங்க. யாரு ஜாஸ்தி ஒடைக்கிறாங்களோ அவங்க கோயிலு. என் உசுர வாங்காதீங்க" என்றாள். அவள் ஆத்திரத்தில் சொன்னதைச் சம்பந்தி பிடித்துக்கொண்டார். நானும் பின்வாங்கவில்லை. தங்கள் கட்டுரையைப் படித்திருந்தேன் அல்லவா?

கடைக்காரர் இந்த வருடம் புதுசாக இரண்டு துப்பாக்கியில் லேசர் கட்டியிருந்தார், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. "பெரியவரே, உங்களுக்கு இன்னா கலரு?" என்றார். அதிரடிப்படை வீரர்களுக்கே சிவப்பு போதும், விலை கம்மி, பேட்டரி நீடித்து உழைக்கும், குளிரிலும் மங்காது என்று தாங்கள் எழுதியதை மனதில் வைத்துச் சிவப்பைப் பாய்ந்து எடுத்தேன். உச்சி வெயில். மணல் தகதக என்கிறது. புள்ளியைத் தேடுகிறேன், தேடுகிறேன், பலகையிலும் காணோம், பலூனிலும் காணோம். "எரியுது பெரியவரே, நல்லாத்தான் எரியுது" என்கிறார் கடைக்காரர். எங்கே எரிகிறது, காட்டு என்றால் அவருக்கும் தெரியவில்லை. சம்பந்தியின் பச்சைப் புள்ளியோ தூரத்தில் ராட்டினத்தில் இருந்தவர்களுக்கே தெரிந்திருக்கும். பத்துக்கு நான் ஒன்று, அவர் ஏழு. "இன்னா சம்பந்தி, கரும்பு வெட்டுற கை துப்பாக்கிக்கு வரலியா?" என்று கேட்டுவிட்டு எனக்குப் பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்தார். தின்றேன். இனிக்கவில்லை.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆனால் அச்சில் வந்ததை இனிமேல் சும்மா நம்புவதாக இல்லை. கள்ளக்குறிச்சியில் கையில் பிடிக்கிற லேசர் இரண்டு நிறத்திலும் வாங்கி வந்தேன். வெள்ளையடித்த மோட்டார் கொட்டகைச் சுவருக்குப் பக்கத்தில் பெரியநாயகியை நிறுத்தி, கொல்லைக் கடைசியிலிருந்து அடித்தேன். "தெரியுதா?" "ஒண்ணும் தெரில." "இப்ப?" "தெரியுது, தெரியுது, பச்சையா தெரியுது. ஒல கொதிச்சிக்கினு இருக்கும், நான் வூட்டுக்குப் போறேன்." பக்கத்து நிலத்து லூர்துராஜ் வரப்பில் நின்று, "அண்ணே, இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?" என்றார். ஆராய்ச்சி என்றேன். "தலைல துண்டு போட்டுக்கினு பண்ணுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண்டறிந்தது இது. நடுப்பகலில் சிவப்பு நாலு எட்டிலேயே செத்துவிடுகிறது, பச்சை கொல்லையைக் கடந்துபோய்ச் சுவரில் நிற்கிறது. நம் கண்ணுக்குப் பச்சைதான் பிடிக்கிறது, நாற்றங்காலைப் பார்த்த எவருக்கும் இது தெரியும். பொழுது சாய்ந்தால் இரண்டும் நன்றாகத் தெரிகிறது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குத் தேன் வாங்கப் போனபோது பனிமூட்டத்திலும் அடித்துப் பார்த்தேன். பச்சைக் கோடு முழுசாகத் தெரிந்து, பிடித்திருப்பவன் எங்கே நிற்கிறான் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது, விடியற்காலைக் குளிருக்குக் கொஞ்சம் மங்கவும் செய்கிறது. ஆகவே இருட்டு அறைக்குள் ஒளிந்து நிற்கும் அதிரடிப்படைக்குச் சிவப்பு சரிதான். ஆனால் ஐயா, பலூன் திருப்பிச் சுடாது. இந்த ஒரு வரியைத் தாங்கள் சேர்த்திருந்தால் என் குடும்பத்து முறை தப்பியிருக்கும்.

ஆகவே, தாங்கள் அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். கட்டுரை எழுதியவர் உச்சி வெயிலில் பெண்ணையாற்று மணலில் வந்து நின்று எனக்குச் சிவப்புப் புள்ளியைக் காட்ட வேண்டும். சம்பந்தி சிவப்பையும் நான் பச்சையையும் பிடித்து மறுபடி சுட வேண்டும். அதுவரை என் மகன் தமிழ்வேந்தன் பங்குனியில் குறித்த காதுகுத்துத் தேதியை நிறுத்தி வைக்க வேண்டும்.

தங்கள் இதழ் நீண்ட காலம் வரட்டும், பிழையில்லாமல் வரட்டும்.

இப்படிக்கு,
மு. ஏகாம்பரம்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் சம்பந்தியே வந்துவிட்டார். நியாயம் அவருக்கும் தெரியட்டும் என்று மேலே உள்ளதை உரக்கப் படித்துக் காட்டினேன். சிரித்தார். பிறகு, "பச்சப் புள்ளி தெரிஞ்சுது சம்பந்தி. பலூனுதான் எனக்குத் தெரில. பலக இருந்த பக்கமா அழுத்திக்கினே இருந்தேன்" என்றார். இரண்டு கண்ணிலும் புரையாம். வேண்டுதலை முடிக்காமல் கண்ணில் கத்தி வைக்கக்கூடாது என்று பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை. பேரன் முகமே அவருக்கு மங்கலாகத்தான் தெரிகிறதாம். ஆகவே மேலே கேட்டவற்றை ரத்து செய்கிறேன். கண் டாக்டரிடம் அவரை நான் அழைத்துப் போக வேண்டும். ஆபரேஷன் முடிந்து அவர் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும், சொட்டு மருந்தைப் பெரியநாயகி ஊற்ற வேண்டும். தமிழ்வேந்தன் தேதியை வைகாசிக்குத் தள்ள வேண்டும். காதைக் களமருதூரிலேயே, அவர் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்போது குத்த வேண்டும், அம்மன் அதுவரை பொறுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த தை ஐந்தில் நாங்கள் இருவரும் பச்சையிலேயே சுட வேண்டும். தாங்கள் வருத்தம் தெரிவிக்க வேண்டியது மட்டும் அப்படியே நிற்கிறது.