வெண்டல் கிராஸ் வகுத்த வியூகம்

தடுப்பாட்ட நிபுணர் என்றொரு இனம் உண்டு. அமெரிக்கக் கால்பந்து ஆடும் எந்த ஊரிலும் பார்வையாளர் மாடத்தின் ஏழாவது வரிசையில் இதைக் காணலாம். எதிரணி எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்கும் ஒவ்வொரு முறையும் எழுந்து, "நான் அப்பவே சொன்னேன்" என்றுவிட்டு உட்காரும். எப்போது சொன்னது? அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

எங்கள் கான்சாஸ் ஊரில் அந்தப் பதவி டிராக்டர் உதிரிபாகக் கடை வெண்டல் கிராஸுடையது. உணவு விடுதியில் உப்புக் குப்பி, மிளகுக் குப்பி, கெட்சப் புட்டி, பக்கத்து மேசைக்காரர் பாதி கடித்து வைத்த பேகன் இறைச்சித் துண்டு என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் வரிசைகட்டி, "நாலு பேர் முன்னாடி, மூணு பேர் நடுவுல, மீதிப் பேர் பின்னாடி" என்று வியூகம் வகுப்பார். மாமனாரின் சவ அடக்கத்தில் பெட்டி தூக்கியவர்களிடம், "இடது பக்கம் ஓட்டை விழுது, ஒருத்தர் நகருங்கப்பா" என்றவர் அவர். அன்றிலிருந்து அவர் மனைவி லோர்னா அவரோடு ஆட்டத்துக்கு வருவதில்லை. அந்த இருக்கை எனக்கு வாய்த்தது அப்படித்தான்.

சென்ற பருவத்தின் கடைசி ஆட்டம். எங்கள் பள்ளிக்கு எதிரே, ஐம்பது புள்ளிக்குக் குறையாமல் அடிக்கும் பக்கத்து ஊர். தோற்றால் பயிற்சியாளர் ஹாஸ்கலுக்கு வேலை போய்விடும். பாதி ஆட்டத்தில் இருபத்தொன்றுக்குப் பூஜ்யம். ஹாஸ்கல் நேரே ஏழாவது வரிசைக்கு ஏறி வந்தார். தலையிலிருந்த ஒலிவாங்கியைக் கழற்றினார்.

"வெண்டல், பதினோரு வருஷமா உன் சத்தத்தக் கேட்டுட்டேன். இந்தா, நீயே சொல்லு."

வெண்டல் கீழே இறங்கிப் போனார். பதினோரு பையன்கள் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் ஒலிவாங்கியைத் தலையில் மாட்டி, கழற்றி, மறுபடியும் மாட்டினார்.

"சும்மா... நில்லுங்கடா."

நின்றார்கள். எதிரணியின் பந்தெறிபவன் பாய்ச்சலைப் பார்த்திருக்கிறான், ஏமாற்றைப் பார்த்திருக்கிறான். பதினோரு விளக்குக்கம்பங்களைப் பார்த்ததில்லை. ஏதோ சூது என்று திட்டத்தை மாற்றினான், மறுபடியும் மாற்றினான், கடைசியில் பதறிப்போய்ப் பந்தை எங்கள் அணியின் குண்டுப் பையன் வயிற்றிலேயே எறிந்தான். அவன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, உத்தரவுப்படி, நின்றுகொண்டே இருந்தான்.

"ஓடுடா, புண்ணியவானே" என்று ஊரே கெஞ்சியது.

"அவன் எப்படி ஓடுவான்? வியூகம் கலஞ்சிடும்" என்றார் வெண்டல். அதற்குள் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. அடுத்த முறையும் நிற்கச் சொன்னார். அதற்கடுத்த முறையும். எதிரணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் பையன்களுக்கு நடுவே சந்தைக்குப் போவதுபோல நடந்து போனார்கள். அறுபத்து மூன்றுக்குப் பூஜ்யம்.

ஹாஸ்கலைப் பள்ளி வாரியம் அனுப்பிவிட்டது. விசிலடித்துக்கொண்டே பெட்டி கட்டினார் என்று லோர்னா சொன்னாள். அன்று தடுக்கப்பட்ட ஒரே பந்து வெண்டல் தடுத்தது என்பதால், வாரியம் அவரையே வேலைக்குக் கூப்பிட்டது. அவர் சிரித்தார்.

"கீழ நின்னா ஆட்டம் சரியாத் தெரியாதுங்க."

போகட்டும். முதல் முறை நிற்கவைத்துவிட்டு இரண்டாம் முறை பாயவிட்டிருக்கலாமே என்று இப்போது உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், அடுத்த துக்க வீட்டுக்குப் போகும்போது வாயைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.