ஏழடிப் பெட்டி

நட்சத்திரம் எரிந்தது. அதன் பேட்டரிப் பெட்டிதான் சோதனையில் தேறவில்லை. இரண்டு முறை.

கிறிஸ்துமஸ் குடிலில் மாட்டுகிற, உள்ளங்கை அகல நட்சத்திரம். சின்ன விளக்கு, சுவிட்ச், காசு அளவு பேட்டரி, பிள்ளைகளே கோத்துக்கொள்ளலாம். வடிவமைத்தவர் சூரமங்கலம் சவரியார், ரயில்வே சிக்னலில் ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம் அறுபது கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பாதுகாப்புச் சான்று வராவிட்டால் கடை நட்சத்திரம் வாங்கிவிடுவார்கள்.

பேட்டரியை விழுங்கினால் பிள்ளைக்குத் தொண்டை வெந்துபோகும். விதி நியாயம்தான். சவரியாருக்கு அதில் சண்டையில்லை.

ஃபேர்லேண்ட்ஸ் சோதனை அலுவலகத்தில் அதிகாரி குணசீலன் முதல் பெட்டியை நகத்தால் நெம்பினார். திறந்தது.

"ஒத்தை அசைவுல திறக்குதுங்க. ஒரே நேரத்துல ரெண்டு அசைவு வேணும்."

அடுத்த பெட்டியில் இரண்டு பொத்தான். குணசீலன் இரண்டு கட்டைவிரலால் அமுக்கினார். திறந்தது.

"அசைவு தனித்தனியா இருக்கணுமுங்க."

"தனித்தனின்னா?"

"தனித்தனின்னா தனித்தனிதானுங்க."

சவரியாருக்குப் புரிந்துவிட்டது, ரயில்வே முறையில். ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி போக, இந்த ஸ்டேஷன் மாஸ்டரும் அடுத்த ஸ்டேஷன் மாஸ்டரும் சேர்ந்து இயக்கினால்தான் அனுமதிக்கான டோக்கன் வரும். ஆகவே பேட்டரிப் பெட்டிக்கும் இரண்டு ஆள். ஒருவன் கையை விரித்தாலும் இரு முனையும் எட்டக் கூடாது. ஆகவே ஏழடி.

"குடிலை எங்க வைக்கிறது, பிளாட்பாரத்துலயா?" என்றாள் மனைவி இசபெல்லா.

"உனக்கு சிக்னல் தெரியுமா? சும்மா இரு."

ஏழடிப் பெட்டியை ஏற்றியபோது டவுன் பஸ் கண்டக்டர் கேட்டார்: "கொடிக்கம்பமுங்களா? எந்தக் கட்சிங்க?"

"பேட்டரிப் பெட்டி."

கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்தார்.

அலுவலகத்தில் ஒரு முனையில் அதிகாரி, மறுமுனையில் சவரியார். ஒன்று, இரண்டு, மூன்று. திறந்தது. குணசீலன் நெகிழ்ந்துபோனார். 'மேற்படி சாதனமானது தனியொரு குழந்தையால் திறக்கவியலாத தன்மையது' என்று எழுதியவர், பேனாவை நிறுத்தினார்.

"ரெண்டு கொழந்தைங்க வந்தா?"

சவரியார் யோசித்தார். "நடுவுல இன்னொரு பொத்தான் வைக்கலாம்."

"மூணு பேரு வந்தா?"

"வகுப்புல அறுபது பேரு."

"அப்ப அறுபத்தோரு பொத்தானுங்க" என்றார் குணசீலன். இருவரும் ஆழ்ந்து நீளம் கணக்குப் போட்டார்கள்.

பெருக்க வந்த அங்காளம்மாளுக்குப் பெட்டியில் கால் இடித்தது.

"அட சாமி! ஒரு ஸ்க்ரூ போட்டு முடுக்குனா ஆகாதுங்களா?"

"விதியில இடமில்லை" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

துடைப்பத்தால் அதிகாரியின் தலைக்கு மேலே காட்டினாள். சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், விதி.

"திருப்புளி இல்லாம திறக்கப்படாது, இல்லாட்டி ரெண்டு அசைவு வேணும்னு போட்டிருக்குதுங்களே. ஏதோ ஒண்ணு போதுமுங்க. வாராவாரம் தொடைக்கறேனே."

குணசீலன் முதன்முறையாக நாற்காலியைத் திருப்பினார். சவரியார் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

வெள்ளிக்கிழமை அறுபதும் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தன. சான்றிதழில் 'அலுவலகத்தின் நுண்ணிய ஆய்வின் பேரில்' என்று குணசீலன் கையெழுத்து. நட்சத்திரத்தோடு வந்த அட்டையில் 'வடிவமைப்பு: சவரியார்'. அச்சுக்குக் கொடுத்தபோது அவருக்குக் கை கூசவுமில்லை.

ஸ்க்ரூ போடச் சொன்னவள் அங்காளம்மாள்.