தாரணிக்கு மட்டும் இடமில்லாத பிளெக்ஸ்

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதாங்க. துடியலூர்ல ஒரு பிளெக்ஸ் கடைக்குப் போயி, எங்க ஸ்கூலுக்கு ஒரு பேனர் அடிச்சுட்டு வரணும்.

பத்துக்கு எட்டடி. இடது பக்கம் ‘அண்மைச் செய்தி’, வலது பக்கம் ‘வரவிருக்கும் நிகழ்வுகள்’. சாயங்காலம் நாலு மணிக்குப் பெற்றோர் கூட்டம். அதுக்குள்ள வாசல்ல கட்டியாகணும்.

நான் அந்தத் தனியார் பள்ளிக்கூடத்துல தமிழ் டீச்சர். எழுத்துப்பிழை இல்லாம வரணும்னு என்னை அனுப்புனாங்க. பதினாறு வருசம் இலக்கணம் நடத்துனதுக்குக் கெடச்ச மரியாதை.

அண்மைச் செய்தின்னு எங்ககிட்ட இருந்ததும் ஒண்ணே ஒண்ணுதான். பிளஸ் ஒன் தாரணி குண்டு எறிதல்ல மண்டலத்துலயே முதலாவதா வந்துட்டா. ஹாஸ்டல் புள்ள, சொந்த ஊரு வெள்ளகோவில். அடுத்த மாசம் உடுமலைல மாநிலப் போட்டி. அதுக்கு அவங்கப்பா சம்மதக் கடுதாசில கையெழுத்துப் போடணும். அவரு மாட்டேங்கறாரு. பொட்டப்புள்ள இரும்புக் குண்டத் தூக்கி வீசி என்னாகப்போகுதுன்னு ஒரே பிடி.

நான் கெளம்பறப்ப தாரணி ஸ்கூல் கேட்டு வரைக்கும் ஓடி வந்தா.

“மிஸ், என்ற போட்டோவ நல்லாப் பெருசாப் போடச் சொல்லுங்க மிஸ். எங்கப்பா இன்னிக்கு வர்றாரு. அதப் பாத்துப்போட்டாருன்னா மனசு மாறிருவாருங்க.”

ஆளுயரத்துக்கு வெச்சுப்போடறேன் கண்ணு, நீ கிளாசுக்குப் போன்னு சொல்லிட்டு வந்தேன். இந்த வாயி ஒண்ணு இருக்குதே எனக்கு!

கடைல டிசைனர் கெட்டிக்காரரு. அரை மணி நேரத்துல தாரணி குண்டக் கழுத்தோரம் வெச்சுக்கிட்டு ஏழடி ஒசரத்துல ஸ்கிரீன்ல நின்னா. பாத்து எனக்கே கண்ணு கலங்கிப்போச்சு. அப்பவே பிரிண்ட் போடுங்கன்னு சொல்லியிருந்தா வேலை முடிஞ்சிருக்கும்.

ஒரு மரியாதைக்கு அதத் தாளாளருக்கு வாட்ஸப்ல அனுப்புனேன்.

உடனே போன் வந்துச்சு. “அருமைங்க டீச்சர். ஒரு ஓரத்துல சின்னதா என்ற போட்டோ வெச்சுருங்க. வெக்காட்டியும் பரவால்லீங்க.”

கொங்கு நாட்டுல ‘பரவால்லீங்க’ன்னு ஒருத்தர் சொன்னா அது பரவாயில்லாத விசயமில்லீங்க. வெச்சேன்.

அடுத்து அவரோட மச்சினர். அவரு கேக்கல, தாளாளர்தான் சொன்னாரு, அவரு மனசு சங்கடப்படுமாம். அப்பறம் எங்க பிரின்சிபால் மேடம். தனக்குப் போட்டோவெல்லாம் புடிக்காதுன்னு சொல்லிட்டு மூணு போட்டோ அனுப்புனாங்க, நல்லதாப் பாத்து நானே எடுத்துக்கணுமாம். பெற்றோர் சங்கத் தலைவர் வந்தாரு. அவரப் போட்டா துணைத் தலைவர் கோவிச்சுக்குவாரு. அப்பறம் கூட்டத்துப் பந்தலுக்குச் சேர் குடுத்தவரு, குண்டு எறிய மைதானத்துல மண்ணு கொட்டுனவரு, அந்த மண்ணுக்கு டிராக்டர் குடுத்தவரு.

எல்லாருக்கும் ஒரு ஓரம் போதும். பிளெக்ஸுக்கு இருக்கறது நாலு ஓரம். நிக்க வேண்டியவங்க எட்டுப் பேரு.

அதுலயும் ஒருத்தரு போட்டோ இன்னொருத்தருக்குக் கீழ போயிறக் கூடாது, ஒருத்தரு சின்னதா இருந்தரக் கூடாது. எல்லாரும் ஒரே அளவுல, ஆம்பளைங்க வெள்ளைச் சட்டைல, கையெடுத்துக் கும்புட்டபடி நிக்கணும்.

முடியாதுங்கன்னு சொல்ல வேண்டியதுதானேன்னு நீங்க கேக்கலாம். சொல்லிப் பாக்கலாம்னுதான் வாயத் தொறந்தேன். ஒவ்வொரு வாட்டியும் “சேரிங்க”ன்னுதான் வந்துச்சு.

ஒவ்வொரு “சேரிங்க”வுக்கும் தாரணி முக்கா அடி கொறஞ்சா. மச்சினர் வந்தப்ப காலு போச்சு. துணைத் தலைவர் வந்தப்ப இடுப்பு. வலது பக்கம் அறிவியல் கண்காட்சி, பொங்கல் விழா, உடுமலைப் போட்டி எல்லாம் மாத்திரை அட்டை எழுத்துக்கு வந்துருச்சு.

டிராக்டர்காரரு போட்டோவும் வந்து நின்னதும் டிசைனர் கையப் பெசஞ்சாரு. “டீச்சர், இந்தக் குண்டு வட்டமா இருக்குதுங்க. புள்ள மூஞ்சிய அதுக்குள்ள வெச்சுரட்டுங்களா?”

மணி மூணு. சேரிங்கன்னேன்.

வாசல்ல கட்டுனதும் தாரணி வந்து பாத்தா. தேடிக் கண்டுபுடிச்சா. “நல்லாருக்குதுங்க மிஸ்”னு சொல்லிட்டுப் போயிட்டா. திட்டியிருந்தாக்கூட ஆறியிருக்கும். எனக்கு அவமானமாப் போச்சு.

நாலு மணிக்கு அவங்கப்பா வந்தாரு. பிளெக்ஸ் முன்னால நின்னு, இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்தாரு. மறுபடியும் மொதல்ல இருந்து பாத்தாரு.

“ஏனுங்க டீச்சர், எம்புள்ள எங்கீங்க?”

குண்டக் காட்டுனேன். கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டுக் குனிஞ்சாரு.

“அப்ப இவங்கெல்லாம் ஆருங்க?”

சொன்னேன். மண்ணு கொட்டுனவரு வரைக்கும் சொன்னேன்.

“இத்தன பேரும் சேந்துங்களா வீசுனாங்க?”

காலைல இருந்து ‘சேரிங்க’ சொல்லிச் சொல்லிப் புளிச்சுப்போன வாயி. அப்பத்தான் ஒழுங்கா ஒரு வார்த்தை வந்துச்சு. இல்லீங்க, வீசுனது உங்க புள்ள ஒருத்திதான், மத்தவங்க யாரும் அந்தக் குண்டத் தொட்டுக்கூடப் பாத்ததில்லைன்னு சொல்லிப்போட்டேன். தாளாளர் எனக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தாரு. அது எனக்குத் தெரியாது.

தாரணியோட அப்பா மறுபடியும் அந்தக் குண்டக் குனிஞ்சு பாத்தாரு. அப்பறம் பையில இருந்து சம்மதக் கடுதாசியவும் பேனாவவும் எடுத்தாரு.

“இத்தன பெரிய மனுசங்க எம்புள்ள வீசுன குண்டச் சுத்தி நின்னு கும்புடறாங்க. நான் ஒரு கையெழுத்துப் போடாட்டி மரியாதையா இருக்குமுங்களா?”

நக்கலாச் சொன்னாரா, நெசமாச் சொன்னாரான்னு எனக்கு இன்னும் புரியல. ஆனா கையெழுத்து நெசம். தாரணி தூண் மறைவுல நின்னு பாத்துட்டிருந்தவ, ஓடி வந்து என் கையப் புடிச்ச புடில வெரலெல்லாம் இன்னும் வலிக்குது. குண்டு வீசற கையில்லீங்களா.

தாளாளர் முன்னால வந்து, இதுக்குத்தானுங்க டீச்சர் எல்லார் போட்டோவையும் வெக்கச் சொன்னேன்னாரு.

உடுமலைப் போட்டிக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குது, அதுல ஜெயிச்சதுக்கு அடிக்கற பிளெக்ஸுக்கு இப்பவே மூணு பேரு போட்டோ அனுப்பிப்போட்டாங்க.