ஓநாய் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்

என் மனைவி வேலைக்குப் போகக்கூடாது என்று நான் முடிவு செய்தேன். முடிவு செய்வது சுலபம். அதை அவளிடம் சொல்வதுதான் கஷ்டம். கல்யாணமான நாளிலிருந்து நான் எடுத்த முடிவுகளில் பாதி என் வாயைத் தாண்டி வெளியே வந்ததில்லை. மீதிப் பாதியை அவள் திருத்திக் கொடுத்திருக்கிறாள்.

என் பெயர் பஞ்சநாதன். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் லோடிங் சூப்பர்வைசர். மனைவி பரிமளா, குரும்பலூர்க்காரி, தபாலில் பி.ஏ. படித்தவள். ஒரே மகள் பிரவீணா, ரெண்டாம் கிளாஸ். அந்த வருஷம் எங்கள் பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு நர்சரிப் பள்ளி கட்டினார்கள். ஜூன் மாதம் திறப்பு. எல்.கே.ஜி.க்கு டீச்சர் தேவை என்று கேட்டில் ஒரு போர்டு தொங்கியது. அதைப் படித்துவிட்டு வந்த நாளிலிருந்து பரிமளாவின் நடையே மாறிப்போனது.

எனக்கு அது பிடிக்கவில்லை. கொள்கையெல்லாம் இல்லை, வயிறுதான் பிரச்சினை. காலையில் ஆவி பறக்க இட்லி, சின்ன வெங்காயச் சாம்பார். மத்தியானம் ஆலையிலிருந்து வண்டியை முறுக்கிக்கொண்டு வந்தால் தட்டில் சூடாகச் சோறு. இவள் எட்டரை மணிக்குக் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால் அடுப்புப் பக்கம் யார் போவது? வீட்டில் மிச்சம் இருப்பது நான்தான். எனக்கு வெந்நீர் வைத்தால்கூட அடிப்பிடிக்கும்.

போகாதே என்று நேரடியாகச் சொல்லும் வீரம் என்னிடம் இல்லை. ஆகவே புத்தியைப் பயன்படுத்தினேன்.

“பரிமளா, நீ வேலைக்குப் போறதுல எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல.”

“நான் இன்னும் கேக்கவே இல்லையே.”

“இல்ல, அது இங்கிலீஷ் மீடியம். டீச்சர்னா இங்கிலீஷ் பேசணும். ஏதாவது தப்பாப் பேசிட்டா ஊரு சிரிக்கும். அதான் யோசிக்கிறேன்.”

“உங்களுக்கு எவ்வளவு தெரியும்?”

“உன்னைவிட அதிகம்.”

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். “சரி. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல பேசிப் பாத்துருவோம். நீங்க ஜெயிச்சா நான் போகல. நான் ஜெயிச்சா போறேன்.”

“யாரு தீர்ப்பு சொல்றது?”

“அந்த ஸ்கூல் ஹெச்.எம். மலர்கொடி மேடத்தையே டிபனுக்குக் கூப்பிட்டாப் போச்சு.”

நான் உடனே ஒப்புக்கொண்டேன். பந்தயம் என்னுடைய யோசனை என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னது அவள் என்பது இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

பக்கத்து வீட்டு ஜெயப்பிரகாஷிடம் போய் நின்றேன். ஆலை லேபில் கெமிஸ்ட். குஜராத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த ஆள், இங்கிலீஷ் தண்ணீர் பட்டபாடு. இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால் நான் தூங்கிவிடுவேன் என்பது அவருக்கும் தெரியும். கார்ட்டூன் படம் பாருங்கள் என்றார். சின்னச் சின்ன வார்த்தை, படத்தைப் பார்த்தாலே அர்த்தம் புரியும், குழந்தைகளெல்லாம் அப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்றார். அன்று சாயங்காலமே அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த சி.டி. கடைக்குப் போனேன். கடைக்காரர் உத்திராபதி, பாப்பாவுக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தமிழில் பேசுகிற கார்ட்டூனை எடுத்து நீட்டினார். வேண்டாம், பாப்பாவுக்கு இங்கிலீஷ்தான் பிடிக்கும் என்றேன். பாப்பா அப்போது லீவுக்குக் குரும்பலூரில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தாள்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. வீட்டில் டி.வி. ஒன்று. நான் பார்ப்பதைப் பரிமளாவும் உட்கார்ந்து பார்த்தால் அவளும் கற்றுக்கொள்வாள். அவளை ஹாலுக்கே வரவிடக் கூடாது. ஆகவே படம் போடுகிற நேரமாகப் பார்த்து எனக்குப் பசித்தது. ஒரு நாள் உளுந்து வடை கேட்டேன். ஒரு நாள் குழிப்பணியாரம். ஒரு நாள் இடியாப்பம், அதுவும் தேங்காய்ப் பால் பிழிந்து. படம் முடிகிற வரைக்கும் அடுப்பை விட்டு நகர முடியாத பலகாரங்களாகப் பார்த்துப் பார்த்துக் கேட்டேன். பரிமளா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் செய்து கொடுத்தாள். அவள் பேசாமல் ஒரு வேலையைச் செய்தால் நான் பயந்திருக்க வேண்டும். ஆனால் வாய் நிறையப் பணியாரம் இருந்தால் எந்த மனிதனால் யோசிக்க முடியும்?

பாடம் தொடங்கியது. முதல் படத்தில் கதாநாயகன் ஒரு அணில். அது பேசுவதற்குள் மரம் விட்டு மரம் தாவிவிடும், வார்த்தையும் கூடவே தாவிவிடும். அணிலின் சிநேகிதி ஒரு வாத்து, அது அழுதுகொண்டே பேசும். ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம்தான் அந்த ஒற்றைக்கண் ஓநாய் வந்தது. காட்டையே பிடித்து ஆள்கிற வில்லன். பாறை மேல் உட்கார்ந்துகொண்டு, தாடையைத் தடவிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துப் பேசியது. ஒரு வாக்கியம் சொல்லும், நிறுத்தும், ஒரு சிரிப்புச் சிரிக்கும், அடுத்த வாக்கியத்துக்குப் போகும். இப்படி ஒரு வாத்தியார் எனக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்திருந்தால் நான் கலெக்டராகியிருப்பேன்.

எந்தக் கார்ட்டூனிலும் வில்லன்தான் நிதானமாகப் பேசுகிறான் என்று அப்புறம் கண்டுகொண்டேன். ஆகவே வில்லன்களிடம் மட்டும் படித்தேன். ஓநாய், அதற்கப்புறம் ஒரு சூனியக்காரக் கழுகு, கடலுக்கடியில் ஒரு ஆக்டோபஸ். பீரோக் கண்ணாடி முன்னால் நின்று தாடையைத் தடவிச் சொல்லிப் பார்த்தேன். “யூ கேனாட் எஸ்கேப்.” சிரிப்பும் சேர்த்துத்தான் மனப்பாடம் ஆனது. பிரிக்க முடியவில்லை.

ஆலையில் பலன் தெரிந்தது. குன்னத்திலிருந்து வரும் லாரி டிரைவர் நல்லதம்பி தார்ப்பாயைச் சரியாகக் கட்டாமல் கிளம்பப் பார்த்தார். நான் வண்டிக்கு முன்னால் நின்று, “யூ கேனாட் எஸ்கேப்” என்று சொல்லிச் சிரித்தேன். மனுஷன் இறங்கி வந்து முழு லோடையும் மறுபடி இழுத்துக் கட்டினார். அன்றிலிருந்து லோடிங் பிரிவில் என் மரியாதையே தனி. சார் இங்கிலீஷில் திட்டுகிறார் என்று அடுத்த செக்ஷன் வரைக்கும் பேச்சு.

வீட்டில் பரிமளாவின் தொந்தரவுதான் கொஞ்சம் இருந்தது. நான் சிரிக்கிற போதெல்லாம் அடுப்படியிலிருந்து குரல் வரும்.

“எதுக்குங்க சிரிச்சீங்க?”

“ஓநா காலு சேத்துல மாட்டிக்கிச்சு.”

“இப்ப யாரு பேசுறது?”

“அணிலு. கயித்தை அறுத்துடு, அறுத்துடுன்னு வாத்துகிட்ட சொல்லுது. கயித்தைக் காட்டுது பாரு, ஆங், உனக்குத் தெரியாதுல்ல.”

“அந்த எடத்தை மறுபடி போடுங்களேன்.”

“உனக்கு எதுக்கு?”

“நீங்க சிரிக்கறதைக் கேக்க நல்லாருக்கு.”

எந்தப் புருஷனுக்குத்தான் மனசு இளகாது? மறுபடி போட்டேன். மூன்றாம் தடவையும் போட்டேன். அடுப்படியில் தனியாக இருக்கப் போரடிக்கிறது, சத்தத்தைக் கூட்டி வையுங்கள், பேச்சுத்துணையாக இருக்கும் என்றாள். பாவம், படம் பார்க்காமல் வெறும் சத்தத்தைக் கேட்டு இவளுக்கு என்ன புரியப் போகிறது என்று கூட்டியும் வைத்தேன். ஜெயித்தபிறகு ஒரு புடவை எடுத்துக் கொடுத்துச் சமாதானம் செய்துவிடலாம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மலர்கொடி மேடம் வந்தார். பெரம்பலூர்க்காரர், கண்ணாடி போட்டுக்கொண்டு அமைதியாக இருந்தார். சாட்சிக்கு ஜெயப்பிரகாஷும் அவர் மனைவி ஜெயசித்ராவும் வந்திருந்தார்கள். நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றேன்.

“வெல்கம் டு மை கிங்டம்” என்றேன். சிரித்தேன்.

மேடம் ஒரு படி பின்னால் போய், அப்புறம் உள்ளே வந்தார். பரிமளா காப்பி கொண்டுவந்தாள். நான் முந்திக்கொண்டு டம்ளரை எடுத்து மேடத்திடம் நீட்டினேன். “டேக் இட். திஸ் இஸ் யுவர் லாஸ்ட் சான்ஸ்.” டபராவில் கொஞ்சம் சிந்தியது. சார் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று மேடம் இங்கிலீஷில் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கே புரிந்தது. தாடையைத் தடவினேன். “ஐ ரூல் திஸ் பிளேஸ். ஆல் லாரீஸ் ஆர் அஃப்ரெய்ட் ஆஃப் மீ.” சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி ஜன்னல் கம்பி வரை போய் வந்தது. முந்தின நாள்தான் ஊரிலிருந்து திரும்பியிருந்த பிரவீணா கட்டிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம். இங்கிலீஷைச் சந்தோஷமாகக் கேட்க வைப்பதற்கும் ஒரு திறமை வேண்டும். பந்தயம் முடிந்துவிட்டது என்று நான் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

அப்புறம் பரிமளா பேசினாள். வடைத் தட்டை வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு கதை சொன்னாள். அணில், வாத்து, ஓநாய் என்ற மூன்று வார்த்தைகளும் காதில் விழுந்ததால் அது என் படம் என்று கண்டுபிடித்தேன். மற்ற எதுவும் எனக்கு விளங்கவில்லை. நான் அத்தனை தடவை பார்த்த படம். திரை இல்லாமல் கேட்டால் ஒரு அட்சரம் புரியவில்லை. வாத்து அழுகிற இடத்தில் அவள் குரலைத் தாழ்த்தினாள். மேடம் குறுக்கே ஏதோ கேட்டார். இவள் பதில் சொன்னாள். இருவரும் பேசிக்கொண்டே போனார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குப் படம் இருந்தது, ஆகவே வார்த்தையை நான் கவனிக்கவே இல்லை. அவளுக்குக் கிடைத்தது வார்த்தை மட்டும்தான். அதற்கு அர்த்தம் சொன்னது நான். புரியாத இடத்தை மறுபடி மறுபடி போட்டுக் காட்டியதும் நான். சத்தத்தைக் கூட்டி வைத்ததும் நான். நடுவில் வடை வேறு சாப்பிட்டிருக்கிறேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவன் கதைதான். பொறாமையாக இருந்தது. அதற்கு அடியில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை அப்போது நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் நான் இன்னும் தோற்கவில்லை. மேடம் தீர்ப்புச் சொல்லவில்லையே. பரிமளா என் பக்கம் முகவாயைக் காட்டி மேடத்திடம் ஏதோ சொன்னாள். மேடம் தலையை ஆட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். சிரித்த முகத்தோடு, நீளமாக, இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டார். ஜெயப்பிரகாஷ் வடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

இதுதான் கடைசிப் பரீட்சை என்று எனக்குப் புரிந்தது. கேள்விதான் புரியவில்லை. ஆனால் கேள்வி புரியாவிட்டால் என்ன, பதில் என்னிடம் இருந்தது. ஓநாயிடம் அதன் மந்திரிகள் எதைக் கேட்டாலும் அது ஒரே பதிலைத்தான் சொல்லும். நான் எழுந்து நின்றேன். நெஞ்சை நிமிர்த்தினேன். தாடையைத் தடவினேன்.

“ஆஃப் கோர்ஸ். வித் பிளஷர்.” வழக்கமான சிரிப்பைவிட ஒரு சுற்று அதிகமாகச் சிரித்தேன்.

மேடம் எழுந்து நின்று கை தட்டினார். ஜெயசித்ராவும் தட்டினார். தட்டிக்கொண்டே தன் புருஷனைப் பார்த்து, இவரைப் பார்த்தாவது கத்துக்கங்க என்றார். உங்களை மாதிரி ஒரு மனிதரை நான் பார்த்ததே இல்லை என்று மேடம் தமிழிலேயே சொல்லிக் கும்பிட்டார். பரிமளா தலையைக் குனிந்துகொண்டாள். தோல்வியைத் தாங்க முடியவில்லை போலிருக்கிறது, தோள் குலுங்கியது. எனக்கே பாவமாகப் போய்விட்டது. புடவையைப் பட்டாகவே எடுத்துவிடலாம் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தேன்.

மேடத்தைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு ராஜநடையில் திரும்பி வந்தேன். ஜெயப்பிரகாஷ் எனக்காக வாசலிலேயே காத்திருந்தார். ஜெயித்தது ஊர்ஜிதமானாலும் அடுத்தவர் வாயால் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

“என்ன ஜெயப்பிரகாஷ், தீர்ப்பு நம்ம பக்கம்தானே?”

“தீர்ப்பா? மேடம் தீர்ப்பெல்லாம் சொல்லலண்ணே. பரிமளாவை நாளைக்கே வந்து சேரச் சொல்லிட்டாங்க. உங்ககிட்டக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.”

“அதுக்குத்தான் டக்குன்னு பதில் சொன்னேன்ல?”

“சொன்னீங்க, நானே அசந்துட்டேன். தினம் காலையில நீங்களே சமைச்சு, பாத்திரத்தையும் கழுவி, பாப்பாவுக்கு ரெட்டைச் சடை பின்னி அனுப்பிடுவீங்களான்னுதாண்ணே கேட்டாங்க.”